பேச்சியம்மாவுக்கு எடுத்துப் போட்ட கொழுந்து

காலையில் கைப்பேசியைத் திறந்தால் என் தம்பி அனுப்பிய எதிர்ப்பு சக்தி வந்து நிற்கிறது. ஒரு நாள் நெல்லிக்காய், ஒரு நாள் கருஞ்சீரகம், ஒரு நாள் வெறும் வயிற்றில் வெந்நீர். எல்லாவற்றின் அடியிலும் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று ஒரு வரி. அவன் மட்டுமில்லை, கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கொரோனாவுக்குப் பிறகு இப்படித்தான் ஆகிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, ஊசி போட்டே தலை நரைத்து, ஓய்வு பெற்று வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம் தம்பியிடம் கேட்டேவிட்டேன்.

“ஏண்டா, அது கூடிக்கூடி எங்க போயி நிக்கும்னு ஒரு நாளாச்சு யோசிச்சியா?”

“கூடுனா நல்லதுதானுங்கக்கா. அதுல என்ன இருக்குது?” என்றான்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். தோட்டத்தில் கொழுந்து எடுத்த பேச்சியம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாலக்காட்டில் படிப்பு, கோவையில் கொஞ்ச காலம் வார்டு வேலை, அதன்பிறகு சின்னக்கானலுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி. என் ஆயுசு அங்கேயே போயிற்று. பனையும் வெயிலுமாக வளர்ந்தவளுக்கு, முதல் மழைக்காலத்தில் கொடியில் காயாமல் தொங்கிய துணியைப் பார்த்தே அழுகை வந்தது. லயம் என்று அங்கே சொல்வது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகளை. அதில் இருந்தவர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் மலையேறியவர்கள். என் ‘ஏனுங்க’வைக் கேட்டுவிட்டு எனக்குக் கோயம்புத்தூர் சிஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். பாலக்காடு, பாலக்காடு என்று திருத்திப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் டாக்டர் ஐப்பு. தொடுபுழைப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனுஷர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மலையாளத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். நோயாளி உட்கார்ந்ததும் என்ன செய்கிறது என்று கேட்கமாட்டார். முதலில் கையைப் பிடித்துப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், பிறகு, “காலையில் எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்பார். அடுப்புப் பற்ற வைப்பேன், தண்ணீர் பிடிப்பேன் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். அந்தப் பேச்சிலேயே எங்கே வலி, எதைத் தூக்க முடியவில்லை என்பதெல்லாம் வந்துவிடும். பொய் மட்டும் அவர் வாயில் வராது. ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லமாட்டார். அந்தக் குணத்தை நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

தடுப்பூசி நாளில் அவர் இன்னும் கொஞ்சம் கறாராகிவிடுவார். தண்ணீர் அடைத்து உறைய வைத்த பிளாஸ்டிக் ஐஸ் பாக்கெட்டுகளை ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு ஊசி மருந்துப் பெட்டியில் அடுக்க விடமாட்டார். மேஜைமேல் பரப்பி வைக்க வேண்டும். அவை வியர்த்து, உள்ளே கொஞ்சம் தண்ணீரான பிறகு, ஒவ்வொன்றையும் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் பெட்டிக்குள் போகும். “இந்தக் குளிர்ல கெட்டா போகும்?” என்று புதிதாக வந்த யாராவது கேட்டால், “சூடு மட்டும் இல்ல, குளிர் கூடினாலும் மருந்து கெட்டுப் போகும்,” என்பார். உறைந்துபோன மருந்தை ஊசியில் ஏற்றினால் குழந்தைக்கு வலிதான் மிச்சம், பலன் இருக்காது. ஒரு குப்பிமேல் சந்தேகம் வந்தால் அதையும் நல்ல குப்பி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் வைப்பார். உறைந்து கெட்டதில் திப்பி திப்பியாகச் சீக்கிரம் அடியில் படியும். அப்படிப் படிந்த ஒரு குப்பியை அவர் சாக்கடையில் ஊற்றும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், சொந்தக் காசைக் கொட்டுகிற மாதிரி இருக்கும்.

தடுப்பூசியைப் பற்றி லயத்தில் சொல்ல அவர் வைத்திருந்த உதாரணம் யானை. சின்னக்கானலில் யானையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. “உடம்புக்குள்ள காவல்காரர் இருக்கு. யானையை ஒரு தடவையும் காணாத காவல்காரன், அது முன்னாடி வந்து நிக்கும்போது என்ன செய்றதுன்னு தெரியாம முழிப்பான். அதுக்குள்ள அது வீட்டை இடிச்சிடும். அதனால முதல்லயே யானையோட கால்தடத்தை மட்டும் காட்டி வைக்கறோம். அதுதான் ஊசி. நிஜ யானை வரும்போது அவன் பட்டாசோட தயாரா இருப்பான்.” இது பெண்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், “காவக்காரன் முழிச்சிட்டான்,” என்று அவர்களே சிரிப்பார்கள். ஊசிக்குப் பயந்து குழந்தையை ஒளித்து வைத்த வீடுகளெல்லாம் அப்படித்தான் வழிக்கு வந்தன.

பேச்சியம்மா எங்கள் டிவிஷனில் பேர்போன கொழுந்துக்காரி. நாற்பது வயதுக்குள்தான். புருஷன் செத்துப்போய் மகள் கவிதாவோடு இருந்தாள். தேயிலைச் செடி நிற்கிற இடத்தை அவர்கள் காடு என்பார்கள். எங்கள் காட்டில் அப்போது பெரும்பாலும் கையால்தான் கொழுந்து எடுத்தார்கள். பேச்சியம்மாவின் விரல்கள் செடிமேல் ஓடுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் தவிர வேறு எதுவும் அவள் கையில் வராது.

ஒரு தடுப்பூசி நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் காலை அசையாமல் பிடிக்கச் சொன்னேன். அவள் விரலால் பிடிக்கவில்லை, முழங்கைக்குள் வைத்து அணைத்தாள். ஊசி போட்டு முடித்துவிட்டு, “ஏன் அம்மிணி, கையக் காட்டு பாக்கலாம்,” என்றேன்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா குளிருதான்.” முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

கூடவே வந்திருந்தவள் மாரித்தாய். பேச்சியம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள், அந்தக் கூட்டத்துக்கே வாய் அவள்தான். “குளிருல எல்லாருக்கும்தான் சிஸ்டர் கை வீங்குது. எங் கையப் பாருங்க,” என்று தன் கையை நீட்டினாள். அவள் கை நன்றாக இருந்தது. நான் பேச்சியம்மாவின் கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். இரண்டு கையிலும் விரல் முட்டிகள் ஒரே மாதிரி உப்பி, தொட்டால் சுட்டது. குளிரில் வீங்கிய கை அப்படிச் சுடாது. அன்றே டாக்டர்முன் உட்கார வைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் மலைக்குக் கீழே சிக்குன்குனியா பரவியிருந்தது. அதிலும் மூட்டு வீங்கும். பலருக்குச் சில வாரங்களில் தானாக வடியும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் டாக்டருக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தெரிய வேண்டியிருந்தது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதுதான். கேட்டார். “இந்த மழைக்குத்தான் டாக்டர்,” என்றாள் பேச்சியம்மா. மாரித்தாயும் தலையாட்டினாள். டாக்டர் அதோடு விடவில்லை, ஃபீல்டு ஆபீசரைக் கூப்பிட்டு அவள் எடுக்கும் கொழுந்து குறைந்திருக்கிறதா என்று விசாரித்தார். ஒரு கிலோகூடக் குறையவில்லை, அவளைப் பற்றி ஒரு புகாரும் இல்லை என்றார் அவர். நீண்ட நாள் நோயென்றால் கொழுந்தின் எடை குறைந்திருக்க வேண்டும். ஆகவே டாக்டர் வலிமாத்திரை கொடுத்து, இரண்டு மாதம் பார்க்கலாம், வடியாவிட்டால் படம் எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வடியவில்லை. எக்ஸ்ரே கீழேயிருந்து வந்த அன்று ஆஸ்பத்திரியில் படம் பார்க்கும் விளக்குப் பெட்டி பழுது. டாக்டர் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெளியே ஒரே மூடுபனி. பேச்சியம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், மாரித்தாய் கதவோரம் நின்றாள். பனி விலகிக் கொஞ்சம் வெளிச்சம் வரும்வரை டாக்டர் கையை இறக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் எனக்கே தெரிந்தது. முட்டிக்கு முட்டி எலும்பின் ஓரம் அரித்துப்போயிருந்தது.

“பேச்சியம்மா, இது எத்தனை நாளாச்சு?”

“இந்த மழைக்குத்தான் டாக்டர்.”

“மனுஷன் பொய் சொல்லலாம். எலும்பு சொல்லாது.” கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கதவோரம் நின்ற மாரித்தாய் உள்ளே வந்தாள்.

“அவள ஒண்ணும் சொல்லாதீக டாக்டர். ஒரு வருசத்துக்கு மேலயே ஆச்சு. காலையில சீலை கட்ட முடியாது அவளால. நாங்கதான் ஆளுக்கு ரெண்டு கைப்பிடி அவ சாக்குல எடுத்துப் போட்டோம். நிறுக்குறவரு கண்ணுல படாமத்தான் போட்டோம்.”

“எதுக்கு?”

“கவிதா பன்னெண்டு முடிக்கட்டும்னுதான். இவ கை போச்சுன்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. வீட்டுல ஒருத்தருக்காவது தோட்டத்து வேலையில பேரு இருந்தாத்தான லயத்து வீடு நிக்கும். அந்தப் புள்ள புத்தகத்தப் போட்டுட்டுச் சாக்கத் தூக்கணும்லா.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படி எடுத்துப் போடுவது அந்த லயங்களில் வெகுநாள் பழக்கம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடுவார்கள், காய்ச்சலில் எழுந்து வந்தவளுக்குப் போடுவார்கள், வீட்டில் சாவு விழுந்து ஓய்ந்துபோனவளுக்குப் போடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் திருப்பித் தருவதுமில்லை. பக்கத்து நிரையிலிருந்து ஒரு கை நீளும், கொழுந்து விழும், அவ்வளவுதான். நான் அந்த மலையில் பார்த்த நல்ல விஷயங்களில் அது ஒன்று. பேச்சியம்மாவுக்கும் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். அந்தக் கொழுந்து எடையைச் சரியாகக் காட்டிற்று. எடை சரியாக இருந்ததால் நோய் யார் கண்ணிலும் படவில்லை.

டாக்டர் படத்தை இறக்கி மேஜைமேல் வைத்தார். “முன்னாடியே வந்திருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மாரித்தாய் விடவில்லை. “வந்திருந்தா கை நின்னிருக்குமா டாக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். சொல்ல முடியாது, விதி, கடவுளுக்குத்தான் தெரியும், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள் என்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்.

“நின்னிருக்கும். பெரும்பாலும் நின்னிருக்கும்.”

அன்று அவர் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது மருத்துவப்படி சரி, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைமேல் எனக்கு இன்றும் ஆதங்கம் தீரவில்லை.

பிறகு பேச்சியம்மாவைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முடக்குவாதம் என்று உறுதியானது. வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. அவளுக்குப் புரிய வைக்க டாக்டர் மறுபடியும் யானையைத்தான் கூப்பிட்டார். காவல்காரன் நல்லவன்தான், ஆனால் இருட்டில் சொந்தத் தொழுவத்து மாட்டையே யானை என்று நினைத்துவிட்டான், பட்டாசைக் கொளுத்தி உள்ளே போட்டுக்கொண்டே இருக்கிறான், மூட்டுக்குள் எரிவது அந்த நெருப்புதான் என்றார்.

“என் ஒடம்புக்கே என்னத் தெரியலங்கீகளா?” என்று கேட்டாள் பேச்சியம்மா.

“தெரியலை.”

“ஏன் டாக்டர், எனக்கு மட்டும்?”

“அது எனக்கும் தெரியாது. யாருக்கும் முழுசா தெரியாது.” ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, சில குடும்பங்களில் அதிகம் வருகிறது, அவ்வளவுதான் தெரியும் என்றார்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை கொடுத்தார்கள். தினம் சாப்பிட்டால் ஆளையே கொன்றுவிடும். அதனால் மாரியம்மன் கோவில் பூஜை நாளான வெள்ளிக்கிழமையை நிச்சயம் செய்து, வேறு எந்த நாளிலும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தோம். அது காவல்காரனின் பட்டாசைக் குறைக்கிற மருந்து. குறைத்தால் நிஜ யானை வரும்போது ஆபத்து. அதனால் மாத்திரை தொடங்கும் முன்பே நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் ஊசி போட்டோம். லேசாக உடம்பு சுட்டாலும் அன்றே வரச் சொன்னோம். மாதாமாதம் ரத்தம் எடுத்தோம். லயத்துப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “ஊசியப் போட்டு எதிர்ப்பு சக்தியக் கூட்டணும்னு சொன்ன அதே வாயால இப்பக் கொறைக்கணுங்கீக. எது சிஸ்டர் நெசம்?” என்றார்கள். இரண்டும் நிஜம்தான், காவல்காரன் தூங்கவும் கூடாது, வெறிபிடிக்கவும் கூடாது என்று சொன்னேன். தம்பி அனுப்புகிற வரிகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். சும்மா கூட்டிக்கொண்டே போக அது சம்பளமில்லை.

மருந்து வேலை செய்தது. சில மாதங்களில் சூடு போயிற்று, வலி பாதிக்குமேல் போயிற்று, காலையில் அவளே சீலை கட்டினாள். ஆனால் அரித்த எலும்பு திரும்பவில்லை. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. டாக்டர் மேனேஜரோடு பேசி அவளைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் வேலைக்கு மாற்றினார். வீடு நின்றது. கவிதா பன்னிரண்டு முடித்து, கல்லூரியும் முடித்து, இப்போது எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் பெண்கள் எதற்காகக் கொழுந்து போட்டார்களோ அது நடந்துவிட்டது. முதலிலேயே வந்திருந்தால் இதே கிரெஷ் வேலை கிடைத்திருக்குமா, கையும் தப்பியிருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கிடைத்திருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கமும் அதுவரை இருக்கவில்லை. இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனாலேயே வருத்தம் போகவும் மாட்டேனென்கிறது.

பேச்சியம்மா கிரெஷுக்குப் போனதற்கு அடுத்த வருஷம் செல்வி என்று ஒரு பெண் முதல் பிள்ளை உண்டாகி ஏழாம் மாதத்தில் இருந்தாள். கிரெஷில் பிள்ளைகளின் எடை பார்க்கப் போன நான், அதை ஒட்டி மேலே இருந்த காட்டில் அவளைக் கண்டு ஏறினேன். நிரையில் எல்லோருக்கும் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சாக்கு பாதிகூட நிறையவில்லை. பக்கத்து நிரையில் மாரித்தாய். அவள் சாக்கு முட்டி நின்றது. ஒரு கைகூட நீளவில்லை. அந்தக் கூட்டம் முழுக்க அப்படித்தான், தன் தன் செடியைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தது.

“ஏன் மாரித்தாயி, புள்ளத்தாச்சிக்குப் போடலீங்களா?” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “இனி யாருக்கும் போடுறதில்ல சிஸ்டர். முடியலைன்னா ஆசுபத்திரிக்கு வரட்டும். போட்டுப் போட்டு ஒருத்தி கைய முடிச்சிட்டோம். போதும்.”

நான் என்னென்னவோ சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சிக்கும் மூட்டு வீங்கினவளுக்கும் வித்தியாசம் உண்டு, என்னிடம் காட்டிவிட்டு எடுத்துப் போடுங்கள், போடுவது தப்பில்லை என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் “சரி சிஸ்டர்” என்றாள். டாக்டரின் வார்த்தை அவளுக்குள் இறங்கியிருந்த ஆழத்துக்கு என் வார்த்தை போகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. செல்வியை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டுக் கிரெஷுக்கு இறங்கினேன்.

பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, ஒரு தொட்டிலை முழங்கையால் ஆட்டிக்கொண்டிருந்தாள் பேச்சியம்மா. நான் மாரித்தாயிடம் பேசியது முழுக்க அங்கே கேட்டிருக்க வேண்டும். கூட வேலை பார்த்த ஆயாவிடம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுந்து மேலே ஏறினாள். வாசலில் நின்று பார்த்தேன்.

செல்வியின் நிரைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றாள். விரல் மடங்காததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கொப்பைப் பிடித்து, உருவின மாதிரி இழுத்தாள். வந்ததைச் செல்வியின் சாக்கில் போட்டாள். மறுபடி இழுத்தாள், போட்டாள். “நாளைக்கு சிஸ்டர்ட்ட போயிக் காட்டிரு, என்ன,” என்று அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு இறங்கி வந்து மறுபடி தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் போட்டதில் பாதிக்குமேல் முற்றிய இலையும் குச்சியும். நிறுக்கும் இடத்தில் அதைப் பார்த்தால் திட்டுவார்கள். பேச்சியம்மாவின் தலை கிரெஷுக்குள் மறையும்வரை செல்வி காத்திருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, முற்றல் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செடிக்கு அடியில் போட்டாள். பக்கத்து நிரையில் மாரித்தாய் அதையெல்லாம் பார்த்தபடியே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததை எல்லாம் தன் சாக்கிலேயே போட்டாள்.